புது டெஸ்க்டாப்புக்கு எந்த ப்ராசசர்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதைப் போடவில்லை. லேப்டாப் ப்ராசசர்களுக்குப் பெயர் வைக்கும் முறை வேறு, அதனால் இது டெஸ்க்டாப்புக்கு மட்டும்.

ப்ராசசருக்கு ஏன் இவ்வளவு யோசிக்கணும்? கடைக்காரர் சொல்றதை வாங்கினா ஆகாதா?

ரேம் பத்தவில்லை என்றால் இன்னொன்று வாங்கிச் செருகிவிடலாம், எஸ்எஸ்டி நிறைந்துவிட்டால் பெரியது போடலாம். ப்ராசசர் அப்படியில்லை. எந்த ப்ராசசர் என்று முடிவு செய்த உடனே எந்த மதர்போர்டு, டிடிஆர்4 ரேமா டிடிஆர்5 ரேமா (பழைய, புதிய ரேம் வகைகள்), என்ன கூலர், எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்பதெல்லாம் அதோடு சேர்ந்து முடிவாகிவிடுகிறது. தப்பாகிவிட்டால் மூன்று நான்கு பொருளை மாற்ற வேண்டி வரும்.

கடைக்காரரில் நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதைத்தான் அவர் முதலில் சொல்வார், அது இயல்பு. உங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஐ3யை விட ஐ5, ஐ5ஐ விட ஐ7 நல்லதுதானே? நேரா ஐ7 வாங்கிட்டா பிரச்சினையே இல்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் மேலே கீழே. தலைமுறை மாறிவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. கோர் ஐ7 2600 வந்தது 2011இல், கோர் ஐ3 12100 வந்தது 2022இல். இரண்டுக்கும் 4 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). ஆனால் ஒற்றைக் கோரின் வேகத்தில் அந்த ஐ3, பழைய ஐ7ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழையதுக்கு டிடிஆர்3 ரேம்தான் போடலாம், விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் அதை ஏற்பதும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் "ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று ஆச்சரியமான விலையில் விற்கிறவற்றில் பல, இரண்டாவது மூன்றாவது தலைமுறை ஐ7ஐப் அந்தத் தலைமுறைகளுக்கான எச்61 என்ற வகையில் புது போர்டு வாங்கி அதில் மாட்டி, கலர் லைட் எரிகிற கேபினட்டில் போட்டவைதான். கேபினட் புதுசு, போர்டு புதுசு, உள்ளே இருக்கும் ப்ராசசர் ஏதோ ஒரு ஆபீசில் பத்து வருடம் ஓடியது. "ஐ7தான் சார்" என்று சொன்னால் விடாதீர்கள். முழு எண்ணைக் கேளுங்கள், பில்லில் முழு எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அந்த நீள நம்பரை எப்படிப் படிக்கறது? பின்னாடி வேற எஃப், கே, ஜி னு எழுத்து வருது.

இன்டெல்லில் 12400எஃப் என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, அதாவது பன்னிரண்டாவது. 400 என்பது அந்தத் தலைமுறைக்குள் இடம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இல்லை. கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்), கூலர் தனியாக வாங்க வேண்டும். டி என்றால் மின்சாரம் குறைவாக எடுக்க வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த வரிசையிலிருந்து பெயரை கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று மாற்றிவிட்டார்கள், எண் 245, 265, 285 என்று போகும்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 5 7600 என்றால் முதல் 7 வரிசையைச் சொல்கிறது. கடைசியில் ஜி வந்தால் உள்ளே ஓரளவு நல்ல கிராபிக்ஸ், எஃப் வந்தால் கிராபிக்ஸ் இல்லை, எக்ஸ் என்றால் கொஞ்சம் கூடுதல் வேகம், எக்ஸ்3டி என்றால் பெரிய கேஷ் மெமரி (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ளது.

எண் ஏறியிருந்தாலும் உள்ளே சரக்கு மாறாத இடங்களும் உண்டு. ஐ3 12100, 13100, 14100 மூன்றுமே 4 கோர்தான், உச்ச வேகம் மட்டும் 4.3, 4.5, 4.7 கிகாஹெர்ட்ஸ். 12100 விலை குறைவாகக் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்கலாம். ஏஎம்டியில் இதற்கு நேர்மாறு: ரைசன் 7 5700, 5700எக்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் முன்னதில் கேஷ் 16 எம்பி, பின்னதில் 32 எம்பி. கேமில் அது நன்றாகத் தெரியும்.

எத்தனை கோர் இருந்தா போதும்? பத்து கோர், பதினாலு கோர்னு எல்லாம் சொல்றாங்க.

பிரவுசர், வேர்ட், எக்செல், டேலி, ஆன்லைன் கிளாஸ், யூடியூப், இதற்கு இன்றைய 4 கோரே தாராளம். கேம், கோடிங், ஓரளவு வீடியோ எடிட்டிங் என்றால் 6 கோர், 12 த்ரெட். தினமும் வீடியோ ரெண்டர், பெரிய ப்ராஜெக்ட் கம்பைல், 3டி என்றால் 8 கோரும் அதற்கு மேலும். வீட்டுக்கு வாங்குகிற பெரும்பாலானோர் நடுவில் இருக்கும் 6 கோரில் நின்றுகொள்ளலாம்.

பத்து கோர் என்ற கணக்கைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் 12ஆவது தலைமுறையிலிருந்து பல மாடல்களில் இரண்டு வகைக் கோர் வைக்கிறது: வேகமான பி கோர், பின்னணி வேலைகளைச் சேர்த்துச் செய்கிற சிறிய ஈ கோர். ஐ5 13400 என்றால் 6 பி, 4 ஈ, மொத்தம் 10. அந்தப் பத்தும் ஒரே பலம் கிடையாது. அதனால் இன்டெல்லின் 10ஐயும் ஏஎம்டி ரைசனின் 8ஐயும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, உங்கள் சாஃப்ட்வேரில் இரண்டையும் ஓட்டிக் காட்டிய ரிவ்யூவைப் பாருங்கள்.

பையன் காலேஜ் சேர்றான். ப்ராஜெக்ட், கொஞ்சம் கோடிங், ஆட்டோகேட். எது போதும்?

ஐ5 12400 அல்லது ரைசன் 5 5600ஜி. பட்ஜெட் இடித்தால் ஐ3 12100. மூன்றிலுமே கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு இல்லாமல் ஓடும். ஆட்டோகேட் என்றதும் பெரிய ப்ராசசர் வேண்டும் என்று பயப்படுகிறார்கள். அது பெரும்பாலான வேலையை ஒரே கோரில் செய்கிற சாஃப்ட்வேர், அதனால் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். 2டி வரைபடத்துக்கு 12100கூட நன்றாக ஓட்டும். 3டி ரெண்டரிங் பாடத்தில் இருந்தால் மட்டும் கதை வேறு.

மிச்சமாகும் பணத்தை 16 ஜிபி ரேமிலும் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலும் போடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போட்ட ஐ7ஐவிட எஸ்எஸ்டியில் போட்ட ஐ3 அன்றாட வேலையில் வேகமாகத் தெரியும். இதை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் வாதாடுவதில்லை.

இன்டெல்லா ஏஎம்டியா? ஏஎம்டி சூடாகும், சாஃப்ட்வேர் ஓடாதுன்னு சொல்றாங்களே.

அது 2017க்கு முந்தைய பேச்சு. ரைசன் வந்த பிறகு இரண்டுமே நல்லவை. டேலி, அடோபி சாஃப்ட்வேர்கள், விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல ஓடுகின்றன. சூடு என்று பார்த்தால், இன்றைக்கு அதிக மின்சாரம் எடுப்பது இன்டெல்லின் பெரிய மாடல்கள்தான். ஐ7 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை போகும்.

என் கருத்து இதுதான்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கொஞ்சம் கேமும் ஆடணும் என்றால் ஏஎம்டியின் ஜி மாடல். கேமுக்கென்றே வாங்கினாலும் ஏஎம்டி. வீடியோ எடிட்டிங் முக்கியம் என்றால் இன்டெல், காரணம் கீழே வருகிறது. மற்ற வேலைக்கு, அன்றைக்கு எது போர்டோடு சேர்த்து விலை குறைவோ அது.

தனி கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணுமா? எஃப் மாடல் விலை கம்மியா இருக்கே, அதை வாங்கலாமா?

கேம் ஆடாத வீட்டுக்கு கார்டு வேண்டாம். ஐ5 12400இல் உள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸே 4கே வீடியோ ஓட்டும், இரண்டு மானிட்டர் தாங்கும். 5600ஜியில் உள்ள வேகா கிராபிக்ஸில் வேலோரண்ட் போன்ற லேசான கேம்கள் நன்றாகவே ஓடும், ஆனால் யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏவி1 என்ற வகை வீடியோவை ஹார்டுவேரில் (ப்ராசசரின் கோர்களுக்குச் சுமை தராமல்) பிரிக்கும் வசதி அதில் கிடையாது, இன்டெல்லின் 730இல் உண்டு. ரைசன் 5 8600ஜியில் இரண்டுமே உண்டு, கிராபிக்ஸும் இன்னும் பலம். அதற்கேற்ற விலையும்.

ஜி மாடல் வாங்கினால் ரேமை இரண்டு துண்டாகத்தான் போட வேண்டும். ஒரே 16 ஜிபி வேண்டாம், இரண்டு 8 ஜிபி. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது, ஒரு துண்டு மட்டும் இருந்தால் வழி பாதியாகிவிடும். கேமில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

எஃப் மாடலை கார்டும் சேர்த்து வாங்குகிறவர்கள் மட்டும் வாங்குங்கள். கார்டு "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று எஃப் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்று பதறிப்போய் அழைக்கிறவர்கள் நிறைய. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் எஃப் மாடலில் அதற்குப் படம் அனுப்ப ஆளே இல்லை. கார்டு என்றைக்காவது பழுதானாலும் கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றுவிடும். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் எஃப் இல்லாததையே வாங்கச் சொல்வேன்.

கேம் விளையாடத்தான் வாங்கறேன். ப்ராசசருக்கு எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு?

கார்டுக்கு ப்ராசசரைப் போல இரண்டு மடங்காவது ஒதுக்குங்கள். சாதாரண 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஐ3 12100எஃப் போட்டு மிச்சத்தைக் கார்டில் போட்டாலும் நன்றாக இருக்கும். நடுத்தர பட்ஜெட்டுக்கு ஐ5 12400எஃப், ரைசன் 5 5600, ரைசன் 5 7600. 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் ப்ராசசர் பெரிதாகத் தெரியும். அங்கே 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்றவை 8 கோரோடும் 96 எம்பி கேஷோடும் தனியாக நிற்கின்றன. 4கேயில் ஆடுகிறவருக்கு அதே ப்ராசசரின் பலன் மிகவும் குறைந்துவிடும், ஏனென்றால் அங்கே கார்டுதான் மூச்சு வாங்கும்.

ஒரு பொருத்தக் குறை: 5500, 5600ஜி, 5700 மூன்றும் பிசிஐஇ 3.0 தான் (பிசிஐஇ என்பது ப்ராசசரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதை, 3.0 அதில் பழைய, மெதுவான வகை). ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் நான்கு லேன் (தடம்) மட்டுமே உள்ள கார்டை இவற்றோடு போட்டால் கார்டின் வேகம் கணிசமாக அடிபடும்.

கல்யாண வீடியோ எடிட் பண்றேன். எல்லாரும் கோர் நிறைய வேணும்னு சொல்றாங்க, சரியா?

பாதி சரி. கடைசியில் எக்ஸ்போர்ட் ஆக கோர் உதவும். ஆனால் உங்கள் நாள் முழுக்கப் போவது டைம்லைனில் முன்னும் பின்னும் இழுப்பதில்தான், அங்கே படம் திக்கித் திக்கி வந்தால் எரிச்சலாகும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 10 பிட், 4:2:2, எச்.265 என்ற வகையில் பதிவு செய்கின்றன. அந்த வகையை ஹார்டுவேரில் பிரிக்கும் வசதி இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11ஆவது தலைமுறையிலிருந்தே இருக்கிறது. என்விடியாவில் அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது.

அதாவது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வைத்திருக்கிற ஒருவர் எஃப் இல்லாத இன்டெல் வாங்கினால், பிரீமியர் ப்ரோவில் அந்த உள் கிராபிக்ஸ் வேலையைப் பிரித்துக்கொள்ளும். எஃப் வாங்கினால் மொத்தமும் ப்ராசசர் தலையில் விழும். ஐ5 14500 போன்றவற்றில் உள்ள யுஎச்டி 770இல் இந்த மீடியா எஞ்சின் இரண்டு உண்டு, 730இல் ஒன்று. எடிட்டிங்குக்கு என்று வாங்குகிறவர்கள் 12400ஐவிட அதைப் பார்க்கலாம். உங்கள் கேமரா எந்த வகையில் பதிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சாதாரண 8 பிட் என்றால் இதெல்லாம் பொருட்டில்லை.

மதர்போர்டு எது எதுக்குப் பொருந்தும்?

இன்டெல் 12, 13, 14ஆவது தலைமுறை மூன்றுக்கும் ஒரே எல்ஜிஏ 1700 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்). கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851, அதில் டிடிஆர்5 மட்டும். ரைசன் 5000 வரை ஏஎம்4, டிடிஆர்4. ரைசன் 7000, 8000, 9000 எல்லாம் ஏஎம்5, டிடிஆர்5. எல்ஜிஏ 1700இல் மட்டும் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு, எனவே ரேமையும் போர்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

பழைய ஸ்டாக் எச்610 அல்லது பி660 போர்டில் 14ஆவது தலைமுறை ப்ராசசரைப் போட்டால் பயாஸ் (போர்டில் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யும் வரை திரை வராது. கடையிலேயே அப்டேட் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். ஐ3, ஐ5க்கு எச்610 போதும். அதே போர்டில் ஐ9 மாட்டாதீர்கள், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி சூடாகி ப்ராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கொடுத்த காசு வீண்.

மூணு நாலு வருஷம் கழிச்சு ப்ராசசர் மட்டும் மாத்தற மாதிரி வாங்கணும்.

அப்படியென்றால் ஏஎம்5. அந்த சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4இல் அதைச் செய்தும் காட்டியது: 2017இல் முதல் ரைசன் போட்ட பலர் அதே போர்டில் பயாஸ் அப்டேட் செய்து 5800எக்ஸ்3டி வரை போனார்கள். இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றுவது வழக்கம்.

ஆனால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: போன கம்ப்யூட்டரில் ப்ராசசர் மாற்றினீர்களா? பெரும்பாலான வீடுகளில் ஏழெட்டு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள். நீங்கள் அந்த ரகம் என்றால் அப்கிரேடுக்காக இன்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ரேம் விலை இப்படி ஏறிடுச்சே, டிடிஆர்5 வாங்கித்தான் ஆகணுமா?

2025 கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதுதான் பெரிய காரணம், டிடிஆர்4உம் தப்பவில்லை. அதனால் இப்போதெல்லாம் ப்ராசசர் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு டிடிஆர்4 போர்டோடு 12400 அல்லது 5600 போடுவது இன்று மிகவும் புத்திசாலித்தனமான வழி. கையில் ஒன்றும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்கள்தான் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

65 வாட்னு போட்டிருக்கு. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? யுபிஎஸ் தாங்குமா?

பெட்டியில் இருக்கும் வாட் அடிப்படை அளவுதான். ஐ5 12400க்கு 65 என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 117 வரை போகலாம், 65 வாட் ரைசன் 88 வரை போகும். ஆனால் டைப் அடிக்கும்போதும் பிரவுசர் பார்க்கும்போதும் இரண்டும் அதன் பக்கத்திலேயே போவதில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் மொத்தமாக 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 24 யூனிட். கேமிங் மெஷின் 300 வாட், தினம் 4 மணி நேரம் என்றால் 72 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், ஏசியும் ஓடுகிற வீட்டில் இந்த 72 உங்களை 500 யூனிட்டுக்கு மேலே தள்ளிவிட்டால் ஸ்லாப் மாறிப் பில் எகிறும்.

சாதாரண 600 விஏ யுபிஎஸ் என்பது சுமார் 360 வாட் தாங்கும். கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். கார்டு இருந்தால் 1000 விஏ பக்கம் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு லிக்விட் கூலர் போடணுமா?

12400, 5600, 7600 போன்றவற்றுக்குப் பெட்டியில் வரும் கூலரே போதும். எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசசரைக் குளிர்விக்க முடியாது. அறையில் 25 டிகிரி இருந்தது 38 ஆனால் ப்ராசசரும் ஏறத்தாழ அதே 13 டிகிரி ஏறும். அதனால் மே மாதத்தில் 80, 85 காட்டினால் பயப்படாதீர்கள், இன்டெல் 100 வரையிலும் ரைசன் 7000 வரிசை 95 வரையிலும் தாங்கும்படி செய்யப்பட்டவை, தாண்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கே, எக்ஸ் மாடல்களுக்கு ஒரு நல்ல டவர் ஏர் கூலர் வாங்குங்கள். லிக்விட் கூலருக்குச் செலவழிப்பதைவிட, கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்று பார்ப்பது முக்கியம். வலை உள்ளதை வாங்குங்கள், மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

13, 14வது ஜென் இன்டெல் கெட்டுப்போகுதாமே?

நிஜம்தான், ஆனால் எல்லாம் இல்லை. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் உயர் மாடல்கள் சில நாளடைவில் நிலைகுலைந்து கேம்கள் மூடிக்கொண்டன, நீலத்திரை வந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும் ப்ராசசரின் உள் சாஃப்ட்வேர்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கியது. அந்தப் பட்டியலில் இருப்பவை ஐ9, ஐ7, அப்புறம் 13600கே, 14600கே போன்றவை. 13400, 14400 அதில் இல்லை. 12ஆவது தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

புதிதாக வாங்கினால் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஆனால் திருத்தம், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அதனால் இந்த ஐ7, ஐ9களை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கவே வேண்டாம்.

பில் இல்லாம வாங்கினா விலை குறைக்கறேன்றாங்க. ட்ரே ப்ராசசர்னு ஒண்ணும் சொல்றாங்க.

குறைவது 18 சதவீத ஜிஎஸ்டி. போவது வாரன்டி. இன்டெல், ஏஎம்டி இரண்டும் பெட்டியோடு விற்கும் ப்ராசசருக்கு 3 வருடம் தருகின்றன, கேட்கப் போகும்போது பில் வேண்டும். ட்ரே என்பது கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களுக்கு மொத்தமாக அனுப்பியதைப் பெட்டி இல்லாமல் சில்லறையில் விற்பது. சரக்கு அசல்தான், ஆனால் வாரன்டிக்கு நீங்கள் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். வித்தியாசம் சிறியது என்றால் பெட்டியையே வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஓகேவா? 28 த்ரெட் ஜியான், போர்டோட சேர்த்து ரொம்ப கம்மி விலைக்கு வருதே.

ப்ராசசர் அவ்வளவு எளிதில் சாகாது, மேலே சொன்ன விதிவிலக்கைத் தவிர. 5600, 12400 போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஏஎம்4 என்றால் திருப்பிப் பிடித்து அடியில் பாருங்கள், முள் முள்ளாக ஆயிரத்துக்கும் மேல் பின்கள் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் வரிசை நேராகத் தெரிய வேண்டும். கூலரை முதலில் இடவலமாகத் திருப்பித் தளர்த்தாமல் நேராக இழுத்தால், நடுவில் தடவியிருக்கும் காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஓரத்துப் பின்கள் வளைந்துவிடும். விற்கிறவர் அப்படிக் கழற்றியதா என்று அதிலேயே தெரியும். எல்ஜிஏ, ஏஎம்5 இரண்டிலும் பின்கள் போர்டில் இருப்பதால் அங்கே போர்டைப் பாருங்கள்.

ஜியான் விஷயத்துக்கு இரண்டாவது கேள்வியின் பதிலே பதில். இ5 2680 வி4 என்பது 2016இல் வந்த சர்வர் ப்ராசசர், 14 கோர், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ3 12100கிட்டகூட வராது, உள்ளே கிராபிக்ஸ் இல்லை, விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டிக் கற்கிறவர்களுக்கு அது பயன்படலாம். வீட்டுக்கு வேண்டாம்.

என்கிட்ட இருக்கறது ஆறாவது ஜென். விண்டோஸ் 11 வராதாம். ப்ராசசர் மட்டும் மாத்தினா போதுமா?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் 8ஆவது தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதலானவையும் வேண்டும். ஆறாவது தலைமுறை போர்டில் எட்டாவது உட்காராது, ஆக போர்டும் சேர்ந்தே மாறும். கேபினட், எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வங்கி, பில் கட்டுவது, படம் பார்ப்பது மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏஐ ப்ராசசர்னு வருதே, என்பியு இருக்கறதை வாங்கணுமா?

என்பியு என்பது ப்ராசசருக்குள் ஏஐ வேலைக்கென்றே இருக்கும் பகுதி. டெஸ்க்டாப்பில் இப்போதைக்கு அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். விண்டோஸின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு 40 டாப்ஸ் (ஏஐ வேகத்தை அளக்கும் அளவு) வேகமுள்ள என்பியு வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். கோர் அல்ட்ரா 200 வரிசை டெஸ்க்டாப் ப்ராசசரில் இருப்பது 13, ரைசன் 8600ஜியில் 16. சாட்ஜிபிடி போன்றவை இன்டர்நெட்டில் ஓடுகின்றன, உங்கள் ப்ராசசருக்கு அதில் வேலையே இல்லை. வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் மெமரி அதிகமுள்ள கிராபிக்ஸ் கார்டு வாங்குங்கள்.

அடுத்த மாடல் வரப்போகுதாம். காத்திருக்கவா?

கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை நிற்கிறது என்றால் இன்றே வாங்குங்கள். காத்திருந்து பலன் கிடைப்பது பெரும்பாலும் புதியது வந்து பழையதன் விலை இறங்கும்போதுதான், 12400 அப்படித்தான் இத்தனை வருடமாக விற்கிறது. ரேம் விலை ஏறுகிற காலத்தில் அந்தக் கணக்கும் தலைகீழாகலாம்: ப்ராசசரில் மிச்சம் பிடித்ததை ரேமில் கொடுத்துவிடுவீர்கள்.

கடையில அசெம்பிள் பண்ணித் தர்றாங்க. நான் சொன்னதைத்தான் போட்டாங்களான்னு எப்படித் தெரியும்?

கிளம்புவதற்கு முன் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால் முழுப் பெயர் மேலே வரும், கீழே கோர், த்ரெட் எண்ணிக்கை. பில்லில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், கடைசி எழுத்து உட்பட. அதே பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று காட்டும். சந்தேகம் இருந்தால் சிபியூ இசட் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள்.

முடிந்தால் அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடுவது அவசரத்தில் நடக்கும். இன்டெல் கூலரின் நான்கு மூலைப் பின்களில் ஒன்று சரியாக இறங்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு, பத்து நிமிடத்தில் 100 டிகிரி தொட்டுவிடும். பயாஸில் வெப்பநிலை என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, ப்ராசசர் வந்த காலிப் பெட்டியையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். வாரன்டிக்குப் போகும்போது அதிலுள்ள சீரியல் நம்பரைக் கேட்பார்கள்.